கடைத்தெருவில் ஜெர்மன் மொழி



சிங்கப்பெருமாள்கோவிலில் தொடங்கி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையை இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் கண்டவர்கள் இன்று அதனை அடையாளம் காண்பது கடினம். ஏரிக்கரையும் நெல்வயலுமாக இருந்த இடங்களில் ஆலைகளின் மதில்கள் நீண்டு கிடக்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது; அதன் பின்னர் இச்சுற்றுவட்டாரத்தில் கொரிய எழுத்துகள் தாங்கிய உணவகப் பலகைகளும் முளைத்தன. ஜெர்மானியரும் வந்தனர். ஷ்விங் ஸ்டெட்டர் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கான்கிரீட் இயந்திரங்களைச் செய்யலாயிற்று. சாலையின் தென்கோடியில், மகேந்திரா சிட்டியில், 2007-இல் பி.எம்.டபிள்யூ. ஆலை திறக்கப்பட்டது. 2012 ஏப்ரலில் ஒரகடத்தில் ஏறத்தாழ 400 ஏக்கர் பரப்பில் டைம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை திறப்புவிழாக் கண்டது. பாரத்பென்ஸ் என்று பெயர் தாங்கிச் செல்லும் கனரக லாரிகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. அதன் தாய் நிறுவனத்தின் தலைமையகம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகில் உள்ளது.

ஆகவே ஜெர்மனி என்பது இப்பகுதிக் குடும்பங்களுக்கு நிலப்படத்தில் மட்டும் காணும் நாடன்று. ஆலைப் பணியின் பொருட்டு அங்குச் செல்வோர் உண்டு. பொறியியல் மேற்படிப்புக்குச் செல்வோர் உண்டு. செவிலியராகச் செல்லத் தயாராகும் பெண்மக்கள் பலருண்டு. இந்தியத் திறன்பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களை 20,000-லிருந்து 90,000-ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மன் அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது நாளிதழ்களில் வந்த செய்தியே. இது முற்றிலும் புதிய வழியுமன்று. 1960-களிலும் 70-களிலும் கேரளத்து இளம்பெண்கள் பலர் கத்தோலிக்க நிறுவனங்களின் வாயிலாகவே ஜெர்மன் மருத்துவமனைகளில் செவிலியராகச் சென்று சேர்ந்தனர்.

செல்கின்றவர்கள் மொழி கற்கிறார்கள். ஆனால் எதற்காகக் கற்கிறார்கள்? சான்றிதழுக்காக. தொடக்க நிலைக்கு ஏ1 என்று பெயர். சுமார் 650 சொற்கள் தெரிந்தால் போதும். நூற்றுக்கு அறுபது மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. செவிலியர்க்கோ பொதுவாக பி2 வரை ஏறவேண்டும். ஜெர்மனியில் பணிபுரியும் கணவருடன் சென்று வாழ விரும்பும் மனைவியரும், சில விலக்குகள் நீங்கலாக, ஏ1 சான்றிதழ் காட்டவேண்டும் என்ற விதி 2007-இல் வந்தது. 'புளூ கார்டு' எனப்படும் உயர்திறன் அனுமதி பெற்றவரின் துணைவியர்க்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

இந்த விலக்கைப் பற்றித்தான் இம்மாதம் சற்று விரிவாகப் பேச நினைக்கிறேன். சட்டம் விலக்கு அளிக்கலாம். பால் கடை விலக்கு அளிப்பதில்லை. "அவருக்கு ஆங்கிலம் தெரியும், அலுவலகத்தில் ஆங்கிலமே போதும், நீ எதற்குச் சிரமப்படவேண்டும்?" என்று சொல்லி, மணமாகிச் செல்லும் பெண்ணை ஒரு சொல்லும் கற்பிக்காமல் அனுப்பிவைக்கும் குடும்பங்கள் உண்டு. அன்பினால் சொல்வதுதான். ஆனால் காலை ஏழு மணிக்குக் கணவன் பணிக்குச் சென்றபின் அந்நகரில் தனித்திருப்பவள் அவள். தயிர் வாங்கவும், குழந்தைக்கு இருமல் மருந்து கேட்கவும், தவறான அளவில் வாங்கிய காலணியை மாற்றவும் மாலைவரை கணவனை எதிர்நோக்கி இருக்கவேண்டும் என்றால், இங்கே பட்டப்படிப்பு முடித்து இருசக்கர வண்டியில் தானே ஸ்ரீபெரும்புதூர்ச் சந்தைக்குச் சென்றுவந்த பெண்ணுக்கு அது எத்தகைய சிறுமை! பெருநகரங்களில் ஆங்கிலம் ஓரளவு செல்லும் என்பது உண்மையே. சிற்றூர் ரொட்டிக்கடையில் நிற்கும் முதிய பெண்மணியிடம் அதனை எதிர்பார்க்க இயலாது. பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரங்களில் இரண்டைக் குறைத்து அந்தப் பணத்தில் மூன்று மாதம் மொழி கற்பித்து அனுப்பலாம் என்பது என் கருத்து.

கற்பதற்கு இடம் இல்லாமலும் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் அரசின் ஆதரவில் இயங்கும் கோத்தே நிலையம் உள்ளது. மாக்ஸ் முல்லர் பவன் என்பது அதன் மற்றொரு பெயர். ரிக் வேதத்தைப் பதிப்பித்தும் இந்திய மண்ணை ஒருநாளும் மிதிக்காத அறிஞர் பெயரால் அமைந்தது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்க்கு ஜெர்மன் பயிற்சி அளித்து வருகிறது. "சான்றிதழ் எங்கள் பொறுப்பு, பணத்தை மட்டும் கட்டுங்கள்" என்று கூறும் முகவர்களை நம்பி நகையை அடகு வைக்கவேண்டாம். தேர்வை யாரும் உங்கள் பிள்ளைக்காக எழுதித் தர இயலாது. எழுதித் தந்தாலும் கடைக்காரருக்கு முன் அவர் வந்து நிற்கமாட்டார்.

கடலின் அப்புறத்திலிருந்து வந்து நம் மொழியைக் கற்ற ஜெர்மானியர் ஒருவரை இங்கே நினைப்பது பொருத்தம். சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் ஊரினரான சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அகராதியோ இலக்கணமோ கைவசம் இன்றி, திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். பத்தே ஆண்டுகளில், 1716-இல், அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. மணலில் தொடங்கியவர் அங்குவரை சென்றார் எனில், நாம் அஞ்சறைப்பெட்டியில் தொடங்கலாமல்லவா?

முதலில் ஒலி. தமிழருக்கு ஜெர்மன் ஒலிகள் அவ்வளவு அந்நியமல்ல. எழுதியபடியே பெரும்பாலும் உச்சரிப்பார்கள். ஆங்கிலம்போல் எழுத்தொன்று, ஓசையொன்று என்ற தொல்லை குறைவு. தொண்டையிலிருந்து எழும் அவர்களுடைய காற்றொலி நம் ஆய்த எழுத்துக்கு உறவுபோல் இருக்கும். ஆனால் ஆங்கிலம் படித்த பழக்கம் இடையே வந்து கெடுக்கும். ஆங்கில 'டபிள்யூ' எழுத்தைக் கண்டால் 'வ' என்றும், 'ஜே' எழுத்தைக் கண்டால் 'ய' என்றும், 'இ', 'ஐ' என்னும் ஈரெழுத்து சேர்ந்து வந்தால் 'ஐ' என்றும் சொல்லவேண்டும். இந்தக் கடைசி விதியினால் முட்டைக்கு 'ஐ' என்றும், பல முட்டைகளுக்கு 'ஐயர்' என்றும் பெயர் வந்து வாய்த்திருக்கிறது. கடையில் பத்து ஐயர் வேண்டும் என்று கேட்கையில் நம்மவர் சிரிப்பை அடக்கிக்கொள்ளவேண்டும்.

அடுத்து, கடைக்காரரை அழைப்பது. நம் ஊரில் அண்ணாச்சி, அக்கா, தம்பி என்று ஏதேனும் ஓர் உறவு சொல்லாமல் ஒரு கட்டுக் கீரை வாங்கமாட்டோம். ஜெர்மானியரிடம் இந்த உறவுமுறை செல்லாது. அதற்கு ஈடாக அவர்கள் வைத்திருப்பது வணக்கம். சிறிய கடையில் நுழைந்ததும் 'கூட்டன் டாக்' என்று சொல்லவேண்டும். சொல்லாமல் பொருளைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பவேரியாவிலும் ஸ்டுட்கார்ட் வட்டாரத்திலும் 'க்ரூஸ் கோட்' என்ற வாழ்த்து வழங்குகிறது. இறைவன் உம்மை வாழ்த்துவாராக என்பது அதன் வேர்ப்பொருள். கோவிலுக்கே போகாதவரும் ரொட்டிக்கடையில் இதைத்தான் சொல்கிறார். நாம் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் பிரித்துப் பேசுவதுபோல் அவர்களுக்கு 'டு', 'ஸீ' என்று இரண்டு உண்டு. கடையில் எப்போதும் 'ஸீ' தான். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இதில் தடுமாறுவார், தமிழர் தடுமாறவேண்டியதில்லை. ஊழியர் வேறுபக்கம் திரும்பி நின்றால் 'என்ட்ஷுல்டிகுங்' (மன்னிக்கவும்) என்று அழைத்து, 'வோ ஃபிண்டெ இஷ் ரைஸ்?' (அரிசி எங்கே கிடைக்கும்?) என்று கேட்கலாம்.

பொருள் கேட்பதில்தான் நம்மவர் பெரும்பாலும் இடறுகின்றனர். "ஒரு கிலோ தக்காளி வேண்டும்" என்பது தமிழில் மரியாதைக் குறைவானதன்று. அதனையே சொல்லுக்குச் சொல் மாற்றி 'இஷ் வில்' என்று தொடங்கினால், அடம் பிடிக்கும் குழந்தையின் குரலாக அவர்கள் செவியில் விழுகிறது. 'இஷ் ஹெட்டெ கெர்ன் ஐன் கிலோ டொமாட்டென்' என்று கேட்கவேண்டும். 'எனக்கு இருந்தால் மகிழ்வேன்' என்பது அதன் உட்பொருள். இறுதியில் 'பிட்டெ' (தயவுசெய்து) என்ற சொல் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒரு வாக்கியம் வாய்க்கு வந்துவிட்டால் தக்காளி இருந்த இடத்தில் எப்பொருளையும் வைத்துக்கொள்ளலாம். விலை கேட்க 'வஸ் கோஸ்டெட் டஸ்?'. எடுத்துக் கொடுத்தபின் கடைக்காரர் 'ஸோன்ஸ்ட் நொஹ் எட்வஸ்?' என்பார், வேறு ஏதேனும் வேண்டுமா என்று பொருள். வேண்டாமெனில் 'டஸ் இஸ்ட் அலெஸ், டாங்கெ' என்று முடிக்கலாம். இறைச்சிக் கடையில் 'ப்ஃபுண்ட்' என்ற சொல் காதில் விழும். அது ஆங்கிலேயரின் பவுண்டு அன்று. சரியாக 500 கிராம்.

பேரம் பேசுவது அங்கில்லை. சந்தைக் கடையிலும் எழுதிய விலைதான். பழத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தால் கோபித்துக்கொள்வார்கள். சுட்டிக்காட்டினால் அவர்களே எடுத்துத் தருவார்கள். கொசுறாகக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கிடைக்காது. ஆயினும் இறைச்சிக் கடைக்குத் தாயுடன் வரும் குழந்தையின் கையில் ஒரு துண்டு 'வுர்ஸ்ட்' இறைச்சியைக் கொடுப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். கொசுறு என்ற எண்ணம் எந்த நாட்டிலும் முற்றாக அழிவதில்லை போலும்.

எண்களில் எச்சரிக்கை தேவை. நாம் அறுபத்து நான்கு என்று பெரியதை முன்வைத்துச் சொல்கிறோம். ஜெர்மானியர் 'ஃபியர் உண்ட் ஸெஷ்ட்ஸிக்' என்பர். அதாவது நான்கும் அறுபதும். முதலில் காதில் விழும் நான்கை எழுதி அடுத்து ஆறை எழுதினால் 46 ஆகிவிடும். புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும்: 2,49 என்று எழுதியிருந்தால் இரண்டு யூரோ நாற்பத்தொன்பது சென்ட். யூரோவை அவர்கள் 'ஓய்ரோ' என்பர். இதற்குச் சிறந்த பயிற்சி வீட்டிலேயே உண்டு. மாதாந்திர மளிகைச் சீட்டை எடுத்துவைத்து, தந்தை கல்லாவில் அமர்ந்தவராகத் தொகைகளை ஜெர்மனில் வாசிக்க, மகள் எழுதட்டும். தேர்வு அறையிலும் இது பயன்படும். ஏ1 வாய்மொழித் தேர்வில் தன் பெயரை எழுத்துக்கூட்டுவதும், எண் சொல்வதும், 'கடைக்குச் செல்லுதல்' போன்ற தலைப்பட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்பதும் இடம்பெறுகின்றன. எதுவும் புரியாதபோது கைகொடுக்கும் சொற்கள் இரண்டு: 'லாங்ஸாம், பிட்டெ'. மெதுவாகச் சொல்லுங்கள் என்பது பொருள்.

பணம் செலுத்துமிடத்திற்கு 'காஸ்ஸெ' என்று பெயர். நம் காசுக்கும் அதற்கும் பிறப்புறவு இல்லை. நினைவில் வைக்க உதவும், அவ்வளவே. பொருள்களை ஓடும் பட்டையின்மேல் நாமே எடுத்துவைத்து, நமக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஒரு கட்டையை வைக்கவேண்டும். காசாளர் மின்னல் வேகத்தில் தள்ளுவார். பையில் அடுக்குவது நம் வேலை. 'பார் ஓடர் மிட் கார்டெ?' என்று கேட்பார். ரொக்கமா, அட்டையா என்பதே கேள்வி. மெல்லிய நெகிழிப் பைகளை ஜெர்மனி 2022 முதல் தடை செய்துள்ளது. ஆகையால் நம் மஞ்சள் பை இரண்டைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். 'போங்' எனப்படும் ரசீதை எறிந்துவிடாதீர்கள். பொருளை மாற்ற நேர்ந்தால் அதுவே சாட்சி.

புதியவர்களைக் குழப்புவது 'ப்ஃபண்ட்' என்னும் வைப்புத்தொகை. ஒருமுறை பயன்படும் தண்ணீர்ப் புட்டிக்கும் பானக் குவளைக்கும் 25 சென்ட் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். 2003-இல் வந்த ஏற்பாடு இது. வெற்றுப் புட்டியைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும். அதனைக் காசாளரிடம் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். நான்கு புட்டிகள் ஒரு யூரோ. அறியாமல் குப்பையில் எறிகிறவர், மாத முடிவில் கணக்குப் பார்த்தால் வருந்துவார்.

மருந்துக்கும் சோப்புக்கும் வெவ்வேறு கடை. 'ட்ரோகெரி' என்று எழுதிய கடையில் பற்பசையும் குழந்தைத் துணியும் கிடைக்கும். காய்ச்சல் மாத்திரை கிடைக்காது. அதற்கு 'அப்போடேக்கெ' செல்லவேண்டும். மற்றொன்று: ஆங்கிலத்தில் பரிசு என்று பொருள்படும் 'கிஃப்ட்' என்ற சொல் ஜெர்மனில் நஞ்சைக் குறிக்கும். புட்டியின்மேல் அதைக் கண்டால் இலவசம் என்று மகிழவேண்டாம்.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வுக்கு அந்நாட்டு அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு உண்டு. 1919-ஆம் ஆண்டின் வைமார் சாசனத்திலிருந்து அவ்விதியை அப்படியே எடுத்து வைத்துள்ளனர். ஒரகடத்தில் ஞாயிறன்றும் ஷிப்டு பார்த்துவிட்டு வீட்டிற்குப் பால் வாங்கிவரும் நம் இளைஞர்களுக்கு இது வியப்பாகத் தோன்றும். இரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் முறைவைத்துத் திறக்கும் மருந்தகமும் போன்றவை விதிவிலக்கு. பவேரியாவில் கிழமை நாட்களிலும் இரவு 8 மணிக்குக் கடை அடைத்துவிடுவார்கள். எனவே சனிக்கிழமை மாலையே ஞாயிறுக்கான அரிசியும் பாலும் வீட்டில் இருக்கவேண்டும்.

இனி அஞ்சறைப்பெட்டி. டப்பாக்களின்மேல் இப்போதே சிறு சீட்டுகளை ஒட்டிவிடுங்கள். மஞ்சள் 'குர்குமா'. கடுகு 'ஸென்ஃப்'. வெந்தயம் 'போக்ஸ்ஹோர்ன்க்ளே'. சீரகம் 'க்ராய்ட்ஸ்க்யும்மெல்', முன்பகுதியை விட்டுவிட்டு வெறும் 'க்யும்மெல்' என்று வாங்கினால் கிடைப்பது வேறொரு விதை, இரசத்தின் மணமே மாறிவிடும். ரவை 'க்ரீஸ்', கடலைமாவு 'கிஷெர்எர்ப்ஸென்மேல்'. மிளகு 'ப்ஃபெஃபர்', பிப்பலி என்ற நம் நாட்டுச் சொல்லின் வழித்தோன்றல். இஞ்சி 'இங்வர்'. இதைக் காணும்போது தமிழர் நெஞ்சு சற்று நிமிரலாம். இஞ்சிவேர் என்ற தென்னாட்டுச் சொல்லே வடமொழி, கிரேக்கம், இலத்தீன் என்று கைமாறிக் கப்பலேறிப்போய் ஜெர்மன் காய்கறிக்கடையின் விலைப்பலகையில் நிற்கிறது. மாங்காய் அங்கே 'மாங்கோ'. கறி அங்கேயும் 'கரி'.

1983-க்குப் பின் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் பல ஜெர்மன் நகரங்களில் மளிகைக்கடை வைத்துள்ளனர். முருங்கைக்காய் அங்கே கிடைக்கும். நெதர்லாந்து எல்லையருகே உள்ள கெவலார் அன்னையின் திருத்தலத்தில் ஆகஸ்டு மாதந்தோறும் இவர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றனர். தனித்துவிட்டோம் என்று கலங்கும் புதுமணப்பெண் அங்குச் சென்றால் தமிழ் கேட்கலாம்.

இங்கிருந்து நெய்யும் பால்கோவாவும் கட்டிக் கொடுக்காதீர்கள். ஐரோப்பியச் சுங்கச்சாவடியில் பால் பொருள்களுக்கும் இறைச்சிக்கும் அனுமதியில்லை; உரிய சான்றிதழின்றிப் பச்சைக் கறிவேப்பிலையும் செல்லாது. பெருங்காயம் கொண்டுபோகலாம், ஆனால் காற்றுப் புகாத டப்பாவில். அதற்கு அந்நாட்டார் இட்ட பழைய பெயர் 'டொய்ஃபெல்ஸ்ட்ரெக்', அதாவது பிசாசின் அழுக்கு. ஆகையால் சாம்பாரைத் தாளிக்கும்போது சன்னலைத் திறந்து வைப்பதும், அடுத்த வீட்டம்மாள் படியில் எதிர்ப்பட்டால் முதலில் 'கூட்டன் டாக்' சொல்லிவிடுவதும் நல்லது.